சாக்குகளுக்கு நடுவே ஒரு நாற்காலி

இந்த வருஷம் பருத்தியை விற்க விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இதற்காக எந்த விவசாயச் சங்கமும் எனக்குத் துண்டு போர்த்த வேண்டியதில்லை. எனக்கு நிலம் கிடையாது. நிலம் என் மனைவி தங்கமாரியுடையது. அவள் அப்பா எழுதிக் கொடுத்தது. உழுவது, விதைப்பது, ஆள் கூப்பிட்டுப் பருத்தி எடுப்பது எல்லாம் அவள். நான் அருப்புக்கோட்டை ரோட்டில் ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர். பேரிங், பெல்ட், கிரீஸ் டப்பா எடுத்துக் கொடுப்பேன். மில்லுக்குள் பஞ்சு எந்த வழியாக வருகிறது என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது.

ஆனால் எனக்குக் காது உண்டு.

நானாகச் சொல்லவில்லை. ராஜகுரு அண்ணாச்சி சொன்னார். அவர் அருப்புக்கோட்டையில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். மாடியில் பீரோ நிறைய இசைத்தட்டு. மில்லுக்கு ஒருமுறை சரக்குக் கொண்டு வந்தவர், என் மேசையில் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைக் கேட்டு நின்றுவிட்டார்.

"இதுக்கு ஏன் துணி கட்டியிருக்கீக?"

"கீச்சுச் சத்தம் ஜாஸ்தி அண்ணாச்சி. துணி போட்டா அடங்குது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இருபது வருஷமாக ஒரு பேச்சுத்துணைக்கு அலைந்தவரின் பார்வை அது. அப்படித்தான் நான் கெட்டேன்.

அவர் உதவியால் மதுரையில் ஒரு பழைய பிளேயரும், அலமாரி உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் வாங்கினேன். தட்டுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. ஒரு வீணைத் தட்டு. அதில் விரல் கம்பியில் வழுக்கும் சத்தம் வீணையைவிட நன்றாக இருக்கும். ஒரு கச்சேரித் தட்டு. கடம் வாசிப்பவர் மோதிரத்தைக் கழற்ற மறந்துவிட்டார். இரண்டாம் பக்கம் முழுக்க அது டிக் டிக் என்று கேட்கும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நாதஸ்வரத் தட்டு. ஏதோ ஒரு கோயில் வாசலில் வைத்துப் பதிவு செய்தது. நடுவில் ஒரு நாய் குரைக்கும். சாதாரணப் பெட்டியில் அது வெறும் நாய். நல்ல பெட்டியில், மேளக்காரருக்கு இடது பக்கம், கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்கிற நாய்.

"நம்ம தெருவுலயே நாலு நாய் நிக்கிது," என்றாள் தங்கமாரி. "எது எங்க நிக்கிதுன்னு பெட்டி இல்லாமயே தெரியிது."

அவளுக்கு விளக்க முடியவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் அந்த நாய் எங்கேயும் நிற்கவில்லை. பாலவனத்தத்தில் எங்கள் வீட்டின் முன்னறை சிமெண்டுச் சுவர், சிமெண்டுத் தரை, மேலே தளம். யாராவது இருமினால் சுவர் நான்கும் பதிலுக்கு இருமும். நாதஸ்வரம் கிணற்றுக்குள் விழுந்து கத்துவது போலிருந்தது. ராஜகுரு வந்து ஒரு பக்கம் கேட்டார். "பெட்டி நல்ல பெட்டி," என்று மட்டும் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். அன்று நான் சாப்பிடவில்லை.

மாசியில் பருத்தி வந்தது.

தங்கமாரி சாக்குச் சாக்காக முன்னறையில் அடுக்கினாள். பின்சுவர் மறைந்தது. பக்கச் சுவர்களும் மறைந்தன. என் நாற்காலிக்கும் இரண்டு பெட்டிகளுக்கும் மட்டும் இடம் விட்டாள். எனக்கு அழுகை வந்தது. கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட்டுப் பெட்டிகளைத் துணி போட்டு மூடிவிடலாம் என்று நாதஸ்வரத் தட்டை வைத்தேன்.

நாய் குரைத்தது. இடது பக்கம். கொஞ்சம் பின்னால்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு பருத்திச் சாக்கு இருந்தது.

அடுத்த ஞாயிறே ராஜகுருவை வரவழைத்தேன். ஃபேனை நிறுத்தினேன், அதன் இரைச்சல் ஆகாது. அவர் வேர்வையில் நனைந்துகொண்டு மூன்று தட்டு கேட்டார். கண்ணைத் திறந்தபோது அது கலங்கியிருந்தது. வேர்வையாகவும் இருக்கலாம்.

"பாண்டிராஜ்," என்றார், "சென்னையில ஒருத்தர் இதுக்குன்னே ரூம் கட்டியிருக்காரு. அங்ககூட இப்படி இல்ல. இந்தச் சாக்கை அசைச்சுராதீக."

இப்போது புரிந்திருக்கும், நான் ஏன் பருத்தியை விற்க விடவில்லை என்று.

பங்குனி பிறந்ததும் தங்கமாரி கேட்டாள். "வியாபாரியக் கூப்பிடவா? காட்டைச் சுத்தி வேலி போடணும். போன வருசம் பன்னி புகுந்து பாதியக் கிளறிட்டுப் போச்சு. விதைக்கிறதுக்கு முந்தி கம்பி கட்டியாகணும்."

"அவசரப்படாத. விலை ஏறும்."

"யாரு சொன்னா?"

"மில்லுல பேசிக்கிறாக."

மில்லில் யாரும் என்னிடம் எதுவும் பேசியதில்லை. பேரிங் நம்பரைத் தவிர. ஆனால் மில் என்றால் பஞ்சு. பஞ்சு மில்லில் வேலை பார்க்கிறவனுக்குப் பருத்தி விலை தெரியும். எங்கள் ஊரின் கணக்கு இது. தங்கமாரி தலையாட்டிவிட்டுப் போனாள். ஒரு பொய் இவ்வளவு சுலபமாக முடியும் என்று எனக்குத் தெரியாது. அன்று வீணைத் தட்டை இரண்டு தடவை கேட்டேன்.

நான் பயப்பட வேண்டிய இடம் எது என்றால், விலை உண்மையிலேயே ஏறியது.

பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் மதினி வாசலில் வந்து நின்றாள். "தம்பி, தங்கமாரி சொன்னா. நீங்க சொன்ன மாதிரியே ஏறிருச்சாமே. நானும் விலைக்குப் போடாமத்தான் வச்சிருக்கேன். இன்னும் ஏறுமா?"

"அது... சொல்ல முடியாது மதினி."

"தெரியும், மில்லு ரகசியம். வாயத் தொறந்து சொல்ல வேண்டாம். ஏறும்னா தலைய மட்டும் ஆட்டுங்க."

நான் ஆட்டவில்லை. பயத்தில் கழுத்து லேசாக அசைந்தது. அது போதுமானதாக இருந்தது. இரண்டு நாளில் எங்கள் தெருவில் யாரும் பருத்தி விற்கவில்லை. காலையில் பைக்கை எடுத்தால் திறந்த கதவுக்குள் எல்லாம் சாக்கு தெரிந்தது. எல்லோரும் எனக்கு வணக்கம் வைத்தார்கள். டீக்கடையில் எனக்கு முதல் டீ. பாதி குடித்ததும் மில்லுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவேன்.

ஒருநாள் நான் வீடு திரும்பியபோது இடது பக்க மேல் வரிசையில் ஒரு சாக்கைக் காணோம். ஹாஸ்டலில் இருக்கும் மகள் சுவாதிக்கு மெத்தை தைக்க எடுத்தேன் என்றாள் தங்கமாரி. நான் வாசலுக்கு வந்து ராஜகுருவுக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, இன்னிக்குக் கேட்டேன். இடது பக்கம் கொஞ்சம் மெலிஞ்சிருக்கு. வீட்டுல ஒரு சாக்கை எடுத்துட்டாக. ஒத்தச் சாக்கு!"

"ஒத்தச் சாக்கா? அதக் காதுலயே பிடிச்சிட்டீகளா?"

"பின்ன?"

உண்மையில் நான் இன்னும் பெட்டியைப் போடவேயில்லை. திரும்பினால் தங்கமாரி முறத்தோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"சத்தத்துக்கும் சாக்குக்கும் என்னங்க சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா."

"நீங்க பருத்தியப் பாக்குறதே இல்ல. பெட்டியத்தான் பாக்குறீக."

"அப்படியெல்லாம் இல்ல."

"சரி." முறத்தில் இருந்த உளுந்தை ஒரு தட்டுத் தட்டினாள். "நாளைக்கு மொக்கையன வரச் சொல்லிருக்கேன்."

மொக்கையன் எங்கள் பக்கத்துப் பருத்தி வியாபாரி. மினி லாரியும் தராசும் அவனுடையவை. அவனுக்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டு ஆம்பிளை முதல் சாக்கைத் தன் கையால் தூக்கி வந்து தராசில் வைக்க வேண்டும். அப்போதுதான் அவன் வாங்குவான். திருச்சுழிப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் ஒரு பெண்பிள்ளையிடம் வாங்கினானாம்; மாலையில் அவள் புருஷன் அரிவாளோடு வந்து லாரியை மறித்தானாம். அதிலிருந்து இந்தச் சட்டம்.

மறுநாள் நான் மில்லுக்கு லீவு போட்டேன். மொக்கையன் வாசலில் தராசை வைத்துவிட்டு, "அண்ணே, உங்க கையால ஒண்ணு எடுத்துட்டு வாங்க," என்றான்.

"இடுப்புப் பிடிச்சிருக்கு."

"அப்ப நாளைக்கு வரவா?"

"நாளைக்கும் பிடிக்கும்."

மொக்கையன் தங்கமாரியைப் பார்த்தான். தங்கமாரி என் இடுப்பைப் பார்த்தாள். தெரு மொத்தமும் கேட்கிறபடி, ஆனால் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "மனுசனுக்கு விருப்பமில்ல. நீ போய்ட்டு வா மொக்கையா." அதற்குப் பிறகு அவள் பருத்தியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. தங்கமாரி சத்தம் போட்டால் எனக்கு நிம்மதி. அமைதியாக இருந்தால் மழைக்கு முந்தைய புழுக்கம் போலிருக்கும்.

சித்திரை வந்தது. ஒரு சனிக்கிழமை, ஸ்டோர் ஜன்னலில் கிரீஸ் வாங்க வந்த ஃபிட்டர் போகிற போக்கில் சொன்னார்: "வடக்கேருந்து பஞ்சு லோடு இறங்குது. திங்கக்கிழமையிலருந்து இங்க உள்ள பருத்திய வாங்க மாட்டாக. விலை படுத்துரும்."

என் கையிலிருந்த டப்பா கீழே விழுந்தது.

வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு உண்மையிலேயே ஒரு மில் ரகசியம் தெரிந்துவிட்டது. பைக்கில் வரும்போது சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். தங்கமாரி, உடனே வித்துரு. மதினி, உடனே வித்துருங்க. இரண்டே வரி. தெருவுக்குள் நுழைந்ததும் எல்லோரும் வணக்கம் வைத்தார்கள். நானும் பதிலுக்கு வணக்கம் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனேன். நாளைக்கு ஞாயிறு. ராஜகுரு புதுத் தட்டோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். நாளை மத்தியானம் அவர் கேட்டுவிட்டுப் போகட்டும். அவர் பஸ் ஏறியதும் சொல்லிவிடலாம். ஞாயிறு சாயந்தரமும் திங்களுக்கு முந்தியதுதானே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். வேலி, பன்றி, தெரு, எல்லாம் ஒரு தட்டுக்காக ஒரு மத்தியானம் பொறுக்கட்டும். எழுதும்போது எனக்கே கேவலமாக இருக்கிறது. அப்போது நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிறு காலை பல் தேய்த்துக்கொண்டே வெளியே பார்த்தேன். வெள்ளைத்தாய் வீட்டுக்குள் சுவர் தெரிந்தது. சாக்கு ஒன்றுகூட இல்லை. எதிர்வீட்டிலும் சுவர்.

"மதினி பருத்திய...?"

"விடியமுன்ன மொக்கையன் எடுத்துட்டுப் போனான்," என்றாள் தங்கமாரி கோலம் போட்டுக்கொண்டே. "நாளையிலருந்து விலை விழுதாமே. அவன்தான் சொன்னான், இன்னிக்குள்ள கைமாத்திட்டாத் தப்பிச்சுக்கலாம்னு. ஏன், மில்லுல பேசிக்கலையா?"

எனக்குப் பேஸ்ட் தொண்டைக்குள் போய்விட்டது. இருமினேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். அடுத்து நம் பருத்தியைக் கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கோலத்தை முடித்துவிட்டு, "ராஜகுரு அண்ணாச்சி வாராகள்ல? டீக்குப் பால் வாங்கிட்டு வாங்க," என்றாள்.

மத்தியானம் ராஜகுரு வந்தார். குழந்தையைக் கொண்டு வருவது போல ஒரு தட்டை மார்போடு அணைத்துக் கொண்டுவந்தார். அதற்கு முன் பழக்கத்துக்காக நாதஸ்வரத்தைப் போடச் சொன்னார். கதவைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன். மூன்று பக்கமும் சாக்கு. நடுவில் இரண்டு நாற்காலி. நாதஸ்வரம் எழுந்தது. நாய் குரைத்தது.

"ஆஹா," என்றார் ராஜகுரு. "அது நிக்கிற இடத்தப் பாருங்க. வாலு ஆட்டுறதுகூடத் தெரியிது."

தங்கமாரி டீயோடு உள்ளே வந்தாள்.

"நல்லாக் கேக்குதா அண்ணாச்சி?"

"அமிர்தம் தங்கச்சி. எல்லாம் உங்க பருத்தி குடுத்த கொடை."

"எந்தப் பருத்தி?"

"இந்தா, சுத்தி இருக்கே."

"அதுவா? அது மணி உதுத்த மக்காச்சோளச் சக்கை." டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். "பருத்தியப் போட்டு ரெண்டு வாரமாச்சு. இவுக மில்லுக்குப் போயிருந்தப்ப விருதுநகர் வியாபாரி ஒருத்தர் வந்து எடுத்துட்டுப் போனாரு. மொக்கையன் மாதிரி அவருக்குச் சட்டமெல்லாம் இல்ல. ரூமு வெறிச்சுன்னு இருந்தா இவுகளுக்குச் சங்கடமா இருக்குமேன்னு, அதே சாக்குல சக்கைய அடைச்சு வச்சேன். இவுக சொல்லலியா?"



உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. பருத்தி போய்விட்டது. விலை விழுவதற்கு முன்பே போய்விட்டது. வேலி வந்துவிடும். நான் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம். இரண்டு மாதமாக வயிற்றுக்குள் கிடந்த பேரிங் ஒன்று கழன்று விழுந்தது.

பிறகு ராஜகுருவின் முகத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு வாரமாவா?" என்றார். "போன ஞாயித்துக்கிழமைகூட நாம கேட்டோமே. ஒத்தச் சாக்கு எடுத்தா உங்களுக்குத் தெரியும்னீக."

விரலால் ஒரு சாக்கைக் குத்திப் பார்த்திருந்தால் போதும். ஆனால் குத்தினால், குத்திப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். பாலவனத்தம் முதல் அருப்புக்கோட்டை வரை எனக்கு இருக்கிற ஒரே சொத்து அந்தக் காது.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி," என்றேன்.

"தெரியுமா?"

"காது சொல்லாதா? ரெண்டு வாரமாவே சத்தத்துல ஒரு வறட்சி. அடியில கனம் இல்ல. வீட்டுல மனசு கஷ்டப்படுமேன்னு வாயத் தொறக்கல."

ராஜகுரு டீயை ஒரு வாய் குடித்தார். அவருக்கும் அருப்புக்கோட்டையில் நல்ல காது என்று ஒரு பெயர் இருக்கிறது.

"நானும் போன வாரமே நினைச்சேன்," என்றார் மெதுவாக. "சொன்னா நீங்க வருத்தப்படுவீகன்னு விட்டுட்டேன்."

முள்ளைத் தூக்கி நாய்க்குக் கொஞ்சம் முன்னால் வைத்தேன். "அந்த நாய் இப்ப எங்க நிக்கிதுன்னு பாருங்க."

அவர் கண்ணை மூடினார். "மேளக்காரர் மடியிலயே ஏறிருச்சு."

"ஏறிருச்சில்ல?"

"சகிக்கல பாண்டிராஜ்."

தங்கமாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் அவ்வளவு அக்கறை. "அடப் பாவமே. அப்ப இந்தச் சாக்கு இங்க இருக்கிறதே கெடுதலா?"

"கெடுதல்தான்," என்றேன்.

"இல்லாம இருந்தாத்தான் தேவலையா?"

"எவ்வளவோ தேவல," என்றார் ராஜகுரு. "இது சத்தத்தக் குடிக்கிது தங்கச்சி. மொதல்ல வெளிய தள்ளுங்க. புதுத் தட்ட இதுக்கு நடுவுல போட எனக்கு மனசு வரல."

"எனக்கு அடுப்புக்காச்சும் ஆகும். ஏங்க, நீங்க ஒண்ணத் தூக்கிக் குடுங்களேன். மத்தத நான் பாத்துக்கிறேன்."

எனக்கும் அது சரியாகப் பட்டது. இரண்டு வாரமாக என் காதை ஏமாற்றிய சக்கை மேல் நிஜமாகவே கோபம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டினேன். இடது பக்கத்திலிருந்து ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினேன்.

தூக்கியதும் தெரிந்தது.

சக்கைச் சாக்கு முண்டும் முடிச்சுமாக விலாவில் குத்தும். கலகலவென்று ஒரு சத்தம் போடும். இது மெத்தென்று மார்போடு ஒட்டியது. கனத்தது. ஒரு சத்தமும் போடவில்லை. இரண்டு வாரத்துக்கு முன்பும், போன ஞாயிறும், ஐந்து நிமிஷத்துக்கு முன்பும் அந்த நாய் நிற்க வேண்டிய இடத்தில்தான் நின்றிருக்கிறது. என் காது ஒரு தப்பும் செய்யவில்லை.

திரும்பினேன். ராஜகுரு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாண்டிராஜ், நின்னுட்டீக?"

கீழே வைத்துவிட்டுச் சொல்லலாம்: அண்ணாச்சி, இது பருத்தி. நான் சொன்ன வறட்சி பொய். நீங்கள் சொன்ன மடியும் பொய். நாம் இரண்டு பேரும் கேட்டது அமிர்தம்தான்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி," என்றேன். "எந்தப் பக்கம் போடலாம்னு பாக்குறேன்."

தங்கமாரி கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

வெளியே வெயிலில் கண் கூசியது. வாசலில் மினி லாரி நின்றது. வெள்ளைத்தாய் மதினி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். லாரிக்கு முன்னால் தராசு. தராசுக்குப் பக்கத்தில் மொக்கையன், கோயிலில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு.

நான் நடந்தேன். வேறென்ன செய்வது? தராசில் சாக்கை இறக்கினேன்.

"அண்ணே," என்றான் மொக்கையன் தணிந்த குரலில். "உங்க கையாலதான்? மனசாரத்தான்?"

உள்ளே ராஜகுரு ஃபேனைப் போடும் சத்தம் கேட்டது.

"மனசாரத்தான்," என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு இரைத்தது.

தங்கமாரி முந்தானையால் என் நெற்றியைத் துடைத்தபடி, உள்ளே இருப்பவருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"ஏங்க, சக்கைக்கா இம்புட்டு மூச்சு வாங்குது?"